ஒரு தியேட்டர், ஒரு மயக்க மருந்து டாக்டர், நாளுக்குப் பத்துப் பிரசவம்: கடலூர்ப் பக்கத்து நிகழ்வு ஆய்வு

ஒரு மாவட்டத்தில் பிரசவ சேவை எப்படி இருக்கிறது என்று கேட்டால் எல்லாரும் முதலில் எடுத்து நீட்டுவது தாய் இறப்பு விகிதத்தைத்தான். 2018-20 கணக்குப்படி தமிழ்நாட்டில் ஒரு லட்சம் பிறப்புக்கு 54 தாய்மார் இறந்தார்கள். இந்தியா முழுவதற்கும் அது 97. 2004-06இல் தமிழ்நாடு 111, இந்தியா 254. நல்ல இறக்கம். மாநிலத்தைப் பற்றிப் பேச இந்த எண் போதும். மாவட்டத்துக்குள் இறங்கினால் உதவாது.

ஆண்டுக்கு 10,000 பிரசவம் நடக்கும் ஒரு பகுதியை எடுத்துக்கொள்ளுங்கள். 54 என்ற விகிதத்தில் அங்கே ஐந்தோ ஆறோ சாவு எதிர்பார்க்கலாம். இவ்வளவு சின்ன எண் வெறும் தற்செயலாலேயே ஒரு வருஷம் 2 ஆகும், இன்னொரு வருஷம் 8 ஆகும். சேவையில் துளி மாற்றமும் நடந்திருக்காது. 8இலிருந்து 3க்கு வந்தால் பாராட்டுக் கூட்டம், 3இலிருந்து 7க்குப் போனால் மெமோ. (ஒவ்வொரு சாவையும் தனித்தனியாக விசாரிக்கும் தணிக்கை வேறு விஷயம். அது அவசியம், தமிழ்நாடு அதை ஒழுங்காகச் செய்துவரும் மாநிலம். எண்ணிக்கையை வைத்து மார்க் போடுவதைத்தான் சொல்கிறேன்.)

ஏழை நாடுகளில் சிக்கல் தலைகீழ். உலக சுகாதார நிறுவனத்தின் 2020ஆம் ஆண்டு மதிப்பீட்டில் தெற்கு சூடானின் விகிதம் 1,223, சாட் நாட்டில் 1,063, நைஜீரியாவில் 1,047. அங்கே 10,000 பிரசவத்துக்கு நூறு சாவுக்கு மேல் போகும். புள்ளியியல்காரனுக்குப் போதுமான எண்ணிக்கை. ஆனால் பல இடங்களில் அதை எழுதிவைக்கப் பதிவேடு கிடையாது. பிரசவமும் வீட்டில், சாவும் வீட்டில். இங்கே பதிவேடு இருக்கிறது, சாவு குறைவு. அங்கே சாவு அதிகம், பதிவேடு இல்லை. இரண்டு பக்கத்தாரும் கடைசியில் ஒரே வழிக்கு வருகிறார்கள்: கணினிக்குள் ஓர் ஆஸ்பத்திரியைக் கட்டி, கர்ப்பிணிகளை ஒவ்வொருவராக உள்ளே அனுப்பி, யார் எங்கே எவ்வளவு நேரம் காத்திருக்கிறார்கள் என்று பார்ப்பது.

அப்படி ஒரு மாடலைக் கடலூர் மாவட்டத்தின் மேற்குப் பக்கத்தை மனதில் வைத்துக் கட்டிப் பார்த்த கதைதான் இது.

பெரிய மாடல்கள்

இந்தத் துறையில் இரண்டு வகை மாடல்கள் உண்டு. முதல் வகை ஒரு பெண்ணின் வாழ்க்கையையே ஓட்டிப் பார்ப்பது: கருவுறுவாளா, கருச்சிதைவா, எங்கே பிரசவம், சிக்கல் வந்ததா, பிழைத்தாளா. ஹார்வர்டில் சூ கோல்டியும் அவரோடு இருந்தவர்களும் 2010இல் இந்தியாவுக்காக வெளியிட்டது இந்த வகைதான். கிராமம், நகரம் என்று தனித்தனியாக ஓட்டினார்கள். அதில் வந்த முடிவு பலருக்கு ஆச்சரியம்: கருத்தடை வேண்டும் என்று விரும்பியும் கிடைக்காத பெண்களின் தேவையை மட்டும் ஐந்தாண்டில் நிறைவேற்றினாலே 1,50,000க்கும் மேற்பட்ட தாய் இறப்புகளைத் தடுக்கலாம். ஆனால் ஐந்தில் நான்கு சாவைத் தடுக்க வேண்டுமானால் அது மட்டும் போதாது. பிரசவ நேரத்து அவசர சிகிச்சை, போக்குவரத்து எல்லாம் சேர்ந்தே வளர வேண்டும். மலாவியில் நடக்கும் தன்சி லா ஒன்சே மாடல் இன்னும் ஒரு படி மேலே போய், முக்கிய நோய்களையெல்லாம் ஒன்றாக வைத்து, நர்ஸ், டாக்டருடைய நேரம் எவ்வளவு இருக்கிறது என்பதையும் கணக்கில் சேர்க்கிறது. மலேரியாவுக்குப் போன நர்ஸ் அதே நிமிஷத்தில் பிரசவம் பார்க்க முடியாது என்ற எளிய உண்மை பல திட்ட அறிக்கைகளில் காணாமல் போய்விடும்.

இரண்டாவது வகை சின்னது. ஓர் ஆஸ்பத்திரி, அதில் இத்தனை மேஜை, இத்தனை ஆள், ஒரு கடிகாரம். நிகழ்வு ஒவ்வொன்றாக நகரும்: வந்தாள், காத்திருந்தாள், மேஜை கிடைத்தது, பிரசவமானது, வார்டுக்குப் போனாள். பைத்தான் மொழியில் சிம்பை என்ற இலவச நிரல் தொகுப்பை வைத்துச் சாதாரண மடிக்கணினியிலேயே ஓட்டலாம். நாங்கள் செய்தது இந்த வகை.

1994இல் செரீன் தாடியஸும் டெபோரா மெய்னும் எழுதிய மூன்று தாமதங்கள் என்ற கருத்து இன்றைக்கும் எல்லாருக்கும் அடித்தளம். ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று முடிவெடுப்பதில் தாமதம், போய்ச் சேர்வதில் தாமதம், போன பிறகு சிகிச்சை கிடைப்பதில் தாமதம். 2019-21 குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 99.6 சதவீதப் பிரசவம் ஆஸ்பத்திரியில்தான். 2008இலிருந்து 108 ஓடுகிறது. ஆகவே இங்கே முதல் இரண்டு தாமதம் நன்றாகச் சுருங்கிவிட்டது. மிச்சமிருப்பது பெரும்பாலும் மூன்றாவது. ஆப்பிரிக்காவுக்கு எழுதிய மாடலைப் பெயரை மாற்றி இங்கே ஓட்டினால் பாதி கணக்கு, இங்கே பெரும்பாலும் தீர்ந்துவிட்ட பிரச்சினைக்கே செலவாகும்.

டிக் அடிக்கும் படிவம்

மூன்றாவது தாமதத்தை அளக்க ஏற்கெனவே ஒரு வழி இருக்கிறது. ஐ.நா. அமைப்புகள் 2009இல் வெளியிட்ட கையேட்டில் அவசரப் பிரசவ சிகிச்சைக்கு ஒன்பது செயல்கள் குறிக்கப்பட்டிருக்கின்றன. ஊசி வழியாக ஆன்டிபயாடிக், கர்ப்பப்பை சுருங்க மருந்து, வலிப்புக்கு மக்னீசியம் சல்பேட், நஞ்சுக்கொடியைக் கையால் எடுப்பது என்று ஏழு. சிசேரியனும் ரத்தம் ஏற்றுவதும் சேர்ந்தால் ஒன்பது. ஒன்பதும் இருந்தால் முழுமையான மையம். நம்மூரில் சீமாங் சென்டர் என்று சொல்வது அதைத்தான். ஐந்து லட்சம் மக்களுக்கு ஐந்து மையம், அதில் ஒன்றாவது முழுமையானது, இது குறைந்தபட்ச அளவு.

ஒரு செயல் "இருக்கிறது" என்று எப்போது டிக் அடிக்கலாம்? கடந்த மூன்று மாதத்தில் செய்திருந்தால் போதும். காகிதம்கூட இல்லாத ஊரில் ஒரு மையத்தைக் கண்டுபிடிக்க இது அருமையான கேள்வி. நம் மாவட்டத்துக்கு இது போதாது. சிசேரியன் நடக்கிறது, டிக். ராத்திரி இரண்டு மணிக்கு நடக்கிறதா? படிவத்தில் அந்தக் கேள்விக்கு இடம் இல்லை.

எங்கள் ஆஸ்பத்திரி

எங்கள் மாடலில் உள்ள ஆஸ்பத்திரி கற்பனையானது. தாலுகா அளவு, நாளுக்குச் சராசரி 10 பிரசவம், அதில் 4 சிசேரியன். மாநிலத்தில் 2019-21இல் சிசேரியன் 44.9 சதவீதம், தனியாரில் அதைவிட அதிகம், அரசில் குறைவு. அதனால் பத்துக்கு நாலு என்பது நடைமுறைக்கு ஒத்துவரும். மற்ற உள்ளீடுகள் எந்த ஆஸ்பத்திரியின் பதிவேட்டிலிருந்தும் எடுத்தவை அல்ல, பேச வசதியாக வைத்த முழு எண்கள். கால்குலேட்டர் இருந்தால் நீங்களே சரிபார்க்கலாம்.

முதலில் ஒரு விஷயம். சராசரி 10 என்றால் தினமும் 10 வராது. வலி கேட்டுக்கொண்டு வருவதில்லை. தற்செயலாக வருவதற்குரிய பாய்சான் பரவலை வைத்தால், ஆண்டில் சுமார் 30 நாள் 15 அல்லது அதற்கு மேல் வரும். சுமார் 25 நாள் 5 அல்லது அதற்கும் கீழே. அந்த 25 நாளில் ஆய்வுக்கு வரும் அதிகாரிக்கு ஆள் அதிகமாக இருப்பதாகத் தோன்றும்.

அடுத்து லேபர் வார்டு மேஜைகள். ஒரு பெண் மேஜையில் சராசரி 6 மணி நேரம் இருக்கிறாள் என்று வைத்தால், எந்த நேரத்திலும் சராசரி இரண்டரை மேஜைதான் நிறைந்திருக்கும். அப்போது 3 மேஜை போதுமே என்று சொல்லத் தோன்றும். போதாது. 3 மேஜை வைத்தால் வருகிறவர்களில் 100க்கு 28 பேருக்குக் காலி மேஜை இருக்காது. 4 வைத்தால் 15 பேர், 5 வைத்தால் 7 பேர், 6 வைத்தால் 3 பேர். இது புதுக் கணக்கும் இல்லை. டென்மார்க்கில் எர்லாங் என்பவர் நூறு வருஷத்துக்கு முன் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் எத்தனை லைன் போட வேண்டும் என்று பார்க்கப் போட்ட கணக்கு, 1917இல் வெளியிட்டார். மேஜை கிடைக்காதவள் எங்கே போவாள்? வராண்டாவில் ஸ்ட்ரெச்சர், இல்லாவிட்டால் தரையில் பாய். "படுக்கை பயன்பாடு 83 சதவீதம், நன்று" என்று அறிக்கை போகும். அந்த 83 சதவீதம் 3 மேஜை ஆஸ்பத்திரியின் எண்.

தியேட்டர் கணக்கு இதைவிட சுவாரசியம். நாளுக்கு 4 அவசர சிசேரியன், ஒவ்வொன்றுக்கும் சுத்தம் செய்வது உட்பட 90 நிமிஷம். ஆக, தியேட்டர் நாளில் 6 மணி நேரம்தான் ஓடுகிறது, 18 மணி நேரம் சும்மா கிடக்கிறது. கால் பங்கு பயன்பாடு. எந்தத் தணிக்கையாளரும் "வசதி முழுமையாகப் பயன்படுத்தப்படவில்லை" என்று எழுதிவிடுவார். ஆனால் அவசரமாக வருகிறவர்களில் நாலில் ஒருத்தி வரும்போது தியேட்டரில் ஏற்கெனவே ஒருத்தி இருப்பாள். அப்படி மாட்டியவளின் காத்திருப்பு சராசரி ஒரு மணி நேரம். பிரிட்டனில் உயிருக்கே ஆபத்தான சிசேரியனுக்கு முடிவெடுத்ததிலிருந்து குழந்தை வெளியே வரும்வரை 30 நிமிஷம் என்று இலக்கு வைத்திருக்கிறார்கள். கால் பங்கு பயன்பாட்டிலேயே அது நாலில் ஒரு முறை வரை தவறக்கூடும். இரண்டாவது தியேட்டரும் இரண்டாவது குழுவும் வந்தால் நாலில் ஒருத்தி என்பது நூற்றில் மூன்று பேராகக் குறையும்.

இரண்டாவது குழு என்று சொன்னதைக் கவனியுங்கள். கட்டடம் மட்டும் வந்தால் ஒரு மாற்றமும் இல்லை, மாடலில் ஒரு நிமிஷம்கூடக் குறையவில்லை. எல்லாக் கோரிக்கை மனுவிலும் முதலில் கட்டடம் இருக்கும். கல்வெட்டு வைக்க வசதி.

இப்போது மயக்க மருந்து டாக்டர். ஒருவர்தான், காலை 9 முதல் மாலை 5 வரை. படிவத்தில் "மயக்கவியல் நிபுணர்: ஆம்". அவசரக் கேஸ் நேரம் பார்த்து வராது என்பதால், மூன்றில் இரண்டு பங்கு அந்த எட்டு மணி நேரத்துக்கு வெளியே வரும். ஆண்டுக்கு ஆயிரத்துக்குக் கொஞ்சம் குறைய. அவ்வளவு பேருக்கும் இந்த ஆஸ்பத்திரி ராத்திரியில் ஒரு நல்ல ஆரம்ப சுகாதார நிலையம்தான், முழுமையான மையம் இல்லை. வீட்டிலிருந்து கூப்பிட்டால் 30 நிமிஷத்தில் வரக்கூடிய ஒரு டாக்டரை ராத்திரிக்கு ஏற்பாடு செய்தால், அந்த ஆயிரத்தில் பெரும்பாலோர் ரெஃபர் ஆகாமல் இங்கேயே தங்குவார்கள். மேஜை, தியேட்டர், டாக்டர் மூன்றையும் ஒப்பிட்டுப் பார்த்ததில் மாடல் சந்தேகமே இல்லாமல் சொன்னது இதைத்தான். இதைச் சொல்ல மாடல் எதற்கு, எந்த ஸ்டாஃப் நர்ஸும் சொல்வாரே என்று கேட்பீர்கள். சொல்வார். மீட்டிங்கில் அவரிடம் கேட்கிறார்களா என்பதுதான் கேள்வி. கிராஃப் ஒன்று கையில் இருந்தால் கேட்கிறார்கள்.

பதிவேடு

கற்பனை எண்களை நிஜத்தோடு ஒப்பிட நேரம் வேண்டும். அதற்காக, லேபர் வார்டில் பல வருஷம் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஒரு சிஸ்டரிடம் பதிவேடு எப்படி எழுதுவார்கள் என்று உட்கார்ந்து கேட்டோம். மேஜையளவு நீளமான நோட்டு. வரிசை எண், பெயர், வயது, எத்தனையாவது பிரசவம், சேர்த்த நேரம், பிறந்த நேரம், ஆணா பெண்ணா, எடை. அவர் நினைவிலிருந்து ஒரு பக்கத்தை எழுதிக் காட்டினார். சேர்த்த நேரம் எல்லாம் 1.00, 1.30, 2.00. பிறந்த நேரம் மட்டும் 3.47, 5.12, 11.08.

"அது மட்டும் ஏன் சிஸ்டர் நிமிஷக் கணக்கு?"

"பொறந்த நேரத்த தப்பா எழுதினா ஜாதகமே மாறிடுச்சின்னு வீட்டுக்காரங்க மறுநாளே வந்து நிப்பாங்க தம்பி. டாக்டர் எப்ப ஆபரேஷன்னு சொன்னாருன்னு யாரு வந்து கேக்கப் போறாங்க?"

இதுதான் எங்களுக்குக் கிடைத்த மிக நல்ல தகவல். ஜாதகத்தின் புண்ணியத்தில் தமிழ்நாட்டு லேபர் வார்டில் ஒரே ஒரு நேரம் துல்லியமாக இருக்கிறது. அதை நங்கூரமாக வைத்துப் பின்னோக்கிப் போகலாம். 108க்கு வந்த அழைப்பின் நேரத்தை அவர்களுடைய கணினியே பதிந்துவிடும். தியேட்டரில் மயக்க மருந்துக் குறிப்பில் தொடங்கிய நேரமும், தொடர்ந்து எடுத்த பி.பி.யும் இருக்கும். அழைப்பு, மயக்கம், பிறப்பு என்று மூன்று நேரம் கிடைத்துவிட்டது. நடுவில் ஓட்டை ஒன்றுதான்: சிசேரியன் என்று முடிவெடுத்த நேரம். மூன்றாவது தாமதத்தை அளக்க அந்த நேரம்தான் வேண்டும்.

அந்த ஓட்டையை அடைக்க ஒரு பழைய உத்தி உண்டு. தெரிந்தவரிடம் மூன்று எண் கேட்பது: ரொம்பச் சீக்கிரம் என்றால் எவ்வளவு, ரொம்ப லேட் என்றால் எவ்வளவு, சாதாரணமாக எவ்வளவு. அதை முக்கோணப் பரவலாக மாடலுக்குள் கொடுப்பது. சிஸ்டர் நேரத்தை மட்டும் சொல்லவில்லை, அது எங்கே போகிறது என்றும் சொன்னார். கையெழுத்து வாங்குவது அதில் பெரிய பங்கு. புருஷன் சிங்கப்பூரிலோ வளைகுடாவிலோ இருப்பார், பெண்ணின் அம்மா "மாப்பிள்ளைகிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கிறோம்" என்பார், போன் எடுக்காது. கர்ப்பிணியே கையெழுத்துப் போட்டால் போதும் என்றாலும் வெளியே வீட்டார் நிற்கும்போது யாரும் அப்படித் தொடங்குவதில்லை. இந்தச் சிக்கலை எந்த நாட்டு மாடலிலும் தனிப் பெட்டியாக நான் பார்த்ததில்லை. எங்கள் மாடலில் இருக்கிறது.

இன்னொன்றும் சொன்னார்: கூட்டம் அதிகமான ராத்திரியில் யாரும் அப்போதைக்கப்போது எழுதுவதில்லை, கை காலியானதும் விடியற்காலையில் மொத்தமாக உட்கார்ந்து எழுதுவார்கள். ஆக, மாடலுக்கு மிகவும் தேவையான அந்த நெருக்கடி மணி நேரங்களின் பதிவுதான் மிகவும் மோசமாக இருக்கும். ஏழை நாட்டுப் பதிவேடுகளைப் பற்றிக் குறை சொல்லும் நாம் இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

ரத்தப்போக்கின் கடிகாரம்

ரெஃபர் ஆகும் ஆயிரம் பேரில் பெரும்பாலோர் பிழைத்துக்கொள்வார்கள். ஆபத்து யாருக்கு என்றால் நேரம் குறைவாக உள்ளவளுக்கு. சிகிச்சை இல்லாவிட்டால் தடைப்பட்ட பிரசவத்தில் சராசரியாக மூன்று நாள், வலிப்பில் இரண்டு நாள், பிரசவத்துக்குப் பிந்தைய ரத்தப்போக்கில் இரண்டு மணி நேரம் என்பது பல காலமாகப் புழங்கும் மதிப்பீடு. மற்ற இரண்டும் நாள் கணக்கு, இது மணிக் கணக்கு.

மேற்குத் தாலுகாவிலிருந்து ராத்திரியில் கடலூர் மஞ்சக்குப்பம் பெரியாஸ்பத்திரிக்கோ சிதம்பரத்துக்கோ அனுப்புவதாக வைத்துக்கொள்வோம். ரத்தப்போக்கு அதிகம் என்று கண்டுகொள்ள 20 நிமிஷம், வண்டி வர 20, பயணம் 60, போன இடத்தில் மறுபடி பார்த்துத் தியேட்டருக்கு எடுக்க 20. கூட்டினால் இரண்டு மணி நேரம். எதுவுமே தப்பாகப் போகாமல் இருந்தால்தான் இந்தக் கணக்கு. கடலூர்க்காரர்கள் நேராக ஜிப்மருக்கே போய்விடுவதும் உண்டு. கடலூர் டவுனிலிருந்து புதுச்சேரி இருபத்தைந்து கிலோமீட்டருக்குள்தான். மேற்கிலிருந்து வருகிறவளுக்கு அது இன்னொரு தூரம்.

இந்த நாலில் மாடல் காட்டிய மலிவான பகுதி முதல் 20 நிமிஷம். கண்ணால் பார்த்து ரத்த அளவை மதிப்பிடுவதில் எல்லாருமே குறைத்துத்தான் சொல்வார்கள். 2023இல் வெளியான இ-மோட்டிவ் ஆய்வில், கென்யா, நைஜீரியா, தென்னாப்பிரிக்கா, தான்சானியா நாடுகளின் 80 ஆஸ்பத்திரிகளை எடுத்து, அவற்றில் பாதியில், அளவுக் கோடு போட்ட பிளாஸ்டிக் விரிப்பைத் தாயின் கீழே விரித்து, கோடு தொட்டதும் மசாஜ், கர்ப்பப்பை சுருங்க மருந்து, ரத்தப்போக்கைக் குறைக்கும் டிரானெக்சாமிக் அமிலம், சலைன், பரிசோதனை எல்லாவற்றையும் ஒன்றாகத் தொடங்கினார்கள். கடும் ரத்தப்போக்கு, அதற்காக வயிற்றைத் திறக்க வேண்டி வருவது, ரத்தப்போக்கால் சாவு, இவை சேர்ந்த கணக்கு மற்ற ஆஸ்பத்திரிகளைவிட 60 சதவீதம் குறைந்தது. டிரானெக்சாமிக் அமிலம் மூன்று மணி நேரத்துக்குள் கொடுத்தால்தான் பலன் என்பது 2017இலேயே, இருபதாயிரம் பெண்களை வைத்து நடந்த வுமன் ஆய்வில் தெரிந்ததுதான்.

தனியாகப் பார்த்தால் இது ஒரு விரிப்பின் கதை. மாடலுக்குள் போட்டால் இன்னொன்றும் தெரிகிறது. சின்ன ஆஸ்பத்திரியிலேயே ரத்தம் நின்றுவிட்டால் ராத்திரி வண்டி குறைகிறது. வண்டி குறைந்தால் பெரியாஸ்பத்திரி தியேட்டர் வரிசை குறைகிறது. அதனால் ரத்தப்போக்கே இல்லாத இன்னொருத்தியின் சிசேரியன் அரை மணி முன்னதாக நடக்கிறது. எக்செல் தாளில் இந்தச் சங்கிலி தெரியாது, கடிகாரம் ஓடும் மாடலில்தான் தெரியும்.

நம்மூர்ப் பழக்கங்கள்

பாய்சான் பரவல் நம்மூர் நடைமுறைக்கு இரண்டு இடத்தில் ஒத்துவரவில்லை. ஒன்று, தாய் வீடு. வளைகாப்பு முடிந்து தலைப்பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்குப் போவதால், பெயர் பதிந்த கிராமம் ஒன்று, பிரசவம் நடக்கும் ஊர் வேறு. பண்ருட்டிப் பக்கம் பதிந்தவள் திட்டக்குடிப் பக்கம் பிரசவிப்பாள். மக்கள்தொகையை வைத்து வருகையைக் கணக்கிட்டால் தப்பாகும். தலைப்பிரசவத்தையும் அடுத்த பிரசவங்களையும் வேறு வேறு வரைபடத்தில் வைக்க வேண்டியிருந்தது. தலைப்பிரசவம்தான் நேரம் அதிகம் எடுக்கும் என்பதால் இது சின்ன விஷயம் இல்லை.

இன்னொன்று, நல்ல நாள். முன்கூட்டியே திட்டமிட்ட சிசேரியனுக்கு அஷ்டமி, நவமி, அமாவாசை வேண்டாம் என்பார்கள். சித்திரையில் குழந்தை வேண்டாம் என்று பார்ப்பவர்களும் உண்டு. தனியாரில் இது வெளிப்படை, அரசில் மெல்லக் கேட்பார்கள். விளைவு, சில நாள் தியேட்டர் காலி, சில நாள் காலையிலேயே நாலு பேர். நாலு பேரை அடுத்தடுத்து வைத்தால் ஆறு மணி நேரம். நடுவில் வரும் அவசரக் கேஸை எந்த டாக்டரும் கடைசிவரை நிற்க வைக்க மாட்டார், அடுத்ததாக எடுத்துக்கொள்வார். அப்படியும் உள்ளே இருப்பவர் முடிய சராசரி 45 நிமிஷம். பஞ்சாங்கத்தை உள்ளீடாக வாங்கும் பிரசவ மாடல் உலகத்தில் வேறு எங்காவது இருக்குமா என்று தெரியவில்லை. இங்கே அது இல்லாமல் வியாழன் ஏன் வெள்ளிபோல் இல்லை என்று விளக்க முடியாது.

புயல் நாள்

கடலூரை வைத்து மாடல் செய்துவிட்டுப் புயலை விட முடியாது. 2011 டிசம்பர் 30இல் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் கரை கடந்தது. 2024 நவம்பர் 30இல் ஃபெஞ்சல் புதுச்சேரிப் பக்கம் கடந்து, அடுத்த ஓரிரு நாளில் சாத்தனூர் அணை திறந்து தென்பெண்ணை கரை மீறியது.

சாலை அறுந்தால் பயண நேரம் கூடும், அவ்வளவுதானே என்று முதலில் தோன்றும். மாடலில் நெருக்கடி வேறு பக்கத்திலிருந்து வந்தது. பிரசவமான தாய்க்கு 3 நாள், சிசேரியன் என்றால் 7 நாள் என்று வைத்தால், நாளுக்கு 6 சுகப்பிரசவமும் 4 சிசேரியனும் உள்ள ஆஸ்பத்திரியில் சராசரி 46 கட்டில் நிறைந்திருக்கும். 50 கட்டில் இருந்தால் மிச்சம் நாலு. புயல் எச்சரிக்கை வந்ததும் நிறைமாதக் கர்ப்பிணிகளை முன்கூட்டியே கொண்டுவந்து சேர்ப்பார்கள். நல்ல ஏற்பாடு, உயிர் காக்கும் ஏற்பாடு. இருபது பேர் வந்தால் அந்த நாலு கட்டில் போதாது. அதோடு தினமும் வீட்டுக்குப் போக வேண்டிய பத்துப் பேரும் தண்ணீர் வடியும்வரை போக மாட்டார்கள், தாய் சேய் வாகனமும் போகாது. உள்ளே வருவது கூடியது ஒரு பக்கம், வெளியே போவது நின்றது இன்னொரு பக்கம். இரண்டே நாளில் நாற்பது கட்டில் கூடுதலாக வேண்டும். புயலுக்கு முந்தைய நாள் செய்ய வேண்டிய வேலை கர்ப்பிணிகளைக் கொண்டுவருவது மட்டும் இல்லை, தேறியவர்களை அன்று காலையே பத்திரமாக அனுப்பி வைப்பதும்தான்.

எல்லைப் பிரச்சினை ஒன்றும் உண்டு. கடலூர் தமிழ்நாடு, ஜிப்மர் இருப்பது புதுச்சேரி. கர்ப்பிணி சுலபமாக எல்லை தாண்டுகிறாள், தமிழ்நாட்டின் கர்ப்பிணிப் பதிவான பிக்மி அவளோடு எல்லை தாண்டுவதில்லை. ஜிப்மரை மாடலுக்கு வெளியே வைத்தால் ரெஃபர் ஆனவர்கள் காற்றில் கரைந்துபோகிறார்கள். உள்ளே வைத்தால் விழுப்புரம், புதுச்சேரிக் கர்ப்பிணிகளையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். நாங்கள் உள்ளேதான் வைத்தோம், கணினி ஓடும் நேரம் கூடினாலும் பரவாயில்லை என்று.

இன்னும் சேர்க்காதது

புதுச்சேரியில் ஒரு மகப்பேறு டாக்டரிடம் ஓட்டிக் காட்டினோம். கிராஃபையெல்லாம் பொறுமையாகப் பார்த்துவிட்டு, "எல்லாம் சரி, ரத்தம் எங்கே?" என்றார்.

ரத்தம் மேஜை மாதிரி இல்லை. மேஜை காலியானால் திரும்பக் கிடைக்கும், ரத்தம் தீர்ந்தால் தீர்ந்தது. பையில் 35 முதல் 42 நாள் வரை இருக்கும், பிறகு கொட்ட வேண்டியதுதான். சின்ன ஆஸ்பத்திரியின் ரத்தச் சேமிப்பு மையத்தில் சில யூனிட்தான் இருக்கும். கடுமையாக ரத்தம் போகும் ஒரே தாய்க்கு அத்தனையும் போய்விடும், அடுத்த வண்டி வரும்வரை படிவத்தில் அந்த மையம் "செயல்படுகிறது". குரூப் வேறு, ஆர்.எச். நெகட்டிவ் நம் நாட்டில் நூற்றுக்கு ஐந்து பேர் அளவுதான். குறைவாக வைத்தால் இல்லை என்பார்கள், அதிகமாக வைத்தால் காலாவதியாகும். சொந்தக்காரரைக் கூட்டிவந்து கொடுக்கச் சொல்லும் நேரமும் இதில் சேரும்.

அதற்கு வேண்டிய தகவலும் பழைய கதைதான். எந்த யூனிட் எப்போது போனது என்று நோட்டில் இருக்கும். வார்டிலிருந்து எப்போது கேட்டார்கள், நரம்பில் எப்போது ஏறியது என்பது இருக்காது. இந்த இரண்டு நேரத்தையும் ரத்தப் பையின் சீட்டிலேயே எழுத இரண்டு கட்டம் போட்டுத் தர ஒரு ஆஸ்பத்திரியில் சம்மதித்திருக்கிறார்கள். சீட்டு அச்சாகி வந்ததும் அந்தப் பகுதியை எழுதத் தொடங்குவோம்.